செக்கடியில் விளைந்த முத்து

தென்பாண்டிக் கடற்கரையை முத்துக் கரை என்று வழங்குவது நெடுங்கால மரபு. பாண்டியர் துறைமுகமாகிய கொற்கை, முத்து வாணிகத்தால் கடல் கடந்த நாடுகளிலும் பெயர் பெற்றிருந்தது. இளங்கோவடிகள் அருளிய சிலப்பதிகாரத்திலும் அவ்வூர் இடம்பெற்றுள்ளது. தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் விலகவே, கொற்கை உள்நாட்டுச் சிற்றூராயிற்று. அதன் சிறப்பைக் காலப்போக்கில் தூத்துக்குடி பெற்றது. கயிற்றில் கட்டிய கல்லின் துணையால் மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்கிச் சிப்பி வாரும் பரதவர் தொழில் அங்கே பல நூற்றாண்டுகள் நடந்தது. 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பே அத்தொழிலின் கடைசிப் பெருங்காலம் எனலாம்.

அருகன் நெறி நிற்கும் நமக்கு அந்த முத்தைக் கண்டு முழு மகிழ்ச்சி கொள்ள இயலாது. ஒரு முத்துக்காகப் பல நூறு சிப்பிகள் மடிகின்றன. சங்கும் சிப்பியும் ஈரறிவுயிர்கள் என்று நம் ஆகமங்கள் கூறுகின்றன. தொல்காப்பிய மரபியலும் அவ்வாறே அவற்றை மெய்யும் நாவும் உடைய உயிர்களின் வரிசையில் வைக்கிறது. ஆயினும் அதே கடற்கரையில், எவ்வுயிரையும் கொல்லாமல் கிடைத்த முத்து ஒன்று உண்டு. அதுவே கப்பலோட்டிய தமிழர் என்றும் செக்கிழுத்த செம்மல் என்றும் நாடு போற்றும் வ.உ.சிதம்பரனாரின் வாழ்வு.

போர்க்காலத் தலைவர்களின் வரலாற்றைப் படித்துத் தலைமைப் பண்பையும் நெஞ்சுறுதியையும் கற்க வேண்டும் என்று நம் இளைஞர்க்குச் சொல்வதுண்டு. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தைக் கலங்காமல் நடத்திய பிரதமர் சர்ச்சிலை அதற்கு எடுத்துக்காட்டுவர். அவர் உறுதி பெரிதே. ஆனால் அவர் பின்னால் ஒரு பேரரசின் கருவூலமும் கடற்படையும் நின்றன. அதே பேரரசின் கடல் வாணிக வல்லமையை, அதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, படையும் பட்டமும் இல்லாத ஒரு தமிழ் வழக்கறிஞர் எதிர்த்து நின்றார். ஓர் எளிய குடும்பம் கற்றுப் பின்பற்றத்தக்க பாடம் இவ்வரலாற்றிலேதான் மிகுதி என்பது நம் கருத்து.

சிதம்பரனார் நம் சமயத்தவர் அல்லர். சைவ மரபில் பிறந்து, சைவ சித்தாந்தத்தில் ஈடுபாடு கொண்டு வாழ்ந்தவர். அவருடைய வரலாறு நம் இதழில் இடம்பெறுவதற்கு, நாம் அவருக்குப் பட்டிருக்கும் ஒரு கடனே காரணம். அக்கடன் யாது என்பதைப் பின்னர் உரைப்போம்.

இளமையும் வழக்கறிஞர் தொழிலும்

அவர் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் தோன்றினார். தந்தையார் உலகநாத பிள்ளை, வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மையார். ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பள்ளிக் கல்வி பெற்றார். சிறிது காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபின், திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, 1895இல் ஒட்டப்பிடாரத்திலேயே வழக்காடத் தொடங்கினார்.

காவல்துறையினர் தொடுத்த பொய்வழக்குகளில் சிக்கிய ஏழைகளுக்காக வாதாடி அவர்களை மீட்டமையால், மக்களிடையே அவருக்குப் பெயரும் அதிகாரிகளிடையே பகையும் வளர்ந்தன. மகனுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சிய தந்தையார், 1900இல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். ஆபத்தினின்று விலக்க எண்ணி அனுப்பிய அந்த ஊரே பின்னாளில் அவருடைய போர்க்களமாயிற்று.

தூத்துக்குடியில் அவர் தொழில் செழித்தது. அந்நிலையில் 1905இல் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. சிதம்பரனார் கூட்டம் கூட்டிப் பேசுவதோடு நின்றாரல்லர். தருமசங்க நெசவுச் சாலையையும் சுதேசிப் பண்டகசாலையையும் தோற்றுவித்தார். அந்நியத் துணியை வேண்டாவென்று சொல்பவர், உடுக்கத் தக்க உள்நாட்டுத் துணிக்கு வழிசெய்ய வேண்டுமன்றோ? மறுப்பதற்கு முன் மாற்றினை அமைத்துத் தருவதே அவர் முறை. தலைமைக்கு இதனை முதற்பாடமாக நாம் கொள்ளலாம்.

கடலில் நடந்த வாணிகப் போர்

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பல் போக்குவரத்து முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் ஏழைகளும், அரிசியும் துணியும் கருவாடும் ஏற்றும் வணிகரும் அக்கம்பெனி விதித்த கட்டணத்தைச் செலுத்துவதைத் தவிர வேறு வழி அறியாதிருந்தனர்.

தொடக்கத்தில், பம்பாயைச் சேர்ந்த ஷா லயன் கம்பெனியிடம் கப்பல்களை வாடகைக்குப் பெற்றுச் சுதேசிக் கப்பல் போக்குவரத்து நடந்தது. ஆங்கிலக் கம்பெனியின் நெருக்குதலால் அக்கப்பல்கள் திரும்பப் பெறப்பட்டன. வாடகைக் கப்பலை நம்பித் தொழில் நடத்த இயலாது என்பதை அந்த இடர் கற்பித்தது. அதனைக் கைவிடுதற்குரிய அறிகுறியாகக் கொள்ளாமல், சொந்தக் கப்பல் வேண்டும் என்பதற்குரிய சான்றாகவே சிதம்பரனார் கொண்டார்.

1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி முறைப்படி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். அது இருபத்தைந்து ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பகுக்கப்பட்டது. மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமர்ந்தார். சிதம்பரனார் துணைச் செயலாளர் என்னும் பதவியையே ஏற்றார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் பெருவணிகர் 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் அளித்தார். இந்தியரும் இலங்கையரும் ஏனைய ஆசிய நாட்டினரும் பங்கு பெறலாம் என்று விதிசெய்யப்பட்டது. கப்பல் ஓட்டவும் கட்டவும் நம்மவர்க்குக் கற்பிப்பதும் கம்பெனியின் நோக்கங்களுள் ஒன்று.

எண்ணத்தை ஈன்றவரும் உழைப்பை ஈந்தவரும் சிதம்பரனாரே. ஆயினும் தலைமை இருக்கையை வேறொருவர்க்கு அளித்தார். செல்வரின் பணமும் சிறுவணிகரின் இருபத்தைந்து ரூபாயும் ஒரே கணக்கில் சேர்ந்தன. இந்துவும் இசுலாமியரும் ஒரே பத்திரத்தில் கையொப்பமிட்டனர். தமக்குப் பெருமை தேடாமல் பலருடைய வலிமையை ஒன்று சேர்ப்பவரே மெய்த்தலைவர்.

கப்பல் வாங்குவதற்காகச் சிதம்பரனார் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலின்றித் திரும்புவதில்லை என்று அவர் உறுதிபூண்டு சென்றதாக வரலாறு கூறும். அப்போது வீட்டில் மகன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். 1907இல் காலியா என்னும் கப்பல் தூத்துக்குடி வந்து சேர்ந்தது. லாவோ என்னும் கப்பலும் வந்தது. ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண வகுப்புப் பயணிகளையும், நாலாயிரம் மூட்டைச் சரக்கையும் ஏற்ற வல்லது. சுப்பிரமணிய பாரதியார் தம் இந்தியா இதழில் இம்முயற்சியை உவந்து பாராட்டினார்.

ஆங்கிலக் கம்பெனி வாளா இருக்கவில்லை. பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. பின்னர் ஆங்கிலக் கம்பெனி கட்டணமே வேண்டாம் என்று அறிவித்து, பயணிகட்குக் குடையும் இலவசமாக வழங்க முன்வந்தது. இலவசமாக ஒன்று கிடைக்கும்போது, அதன் விலையைப் பின்னர் யார் கொடுக்க நேரும் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அவ்வாறு எண்ணிப் பார்த்த மக்கள் அன்று தூத்துக்குடியில் இருந்தனர் என்பதே நமக்குப் பெருமை.

ஆலைத் தொழிலாளர்க்குத் துணை

1908 பிப்ரவரி இறுதியில், ஆங்கிலேயர் நடத்திய கோரல் பஞ்சாலையின் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். மிகுந்த வேலை நேரம், குறைந்த கூலி, வார விடுமுறையின்மை ஆகியனவே அவர்தம் குறைகள். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கட்குத் துணைநின்றனர். வேலையிழந்த குடும்பங்கள் பட்டினி கிடவாதவாறு நகரமக்களிடம் பொருள் திரட்டி உணவளிக்க ஏற்பாடு செய்தனர். ஆலையாருக்குப் பரிந்து பேசியவர்களுக்குச் சவரம் செய்யவும் துணி வெளுக்கவும் தொழிலாளர் மறுத்தனர் என்பர். ஒன்பது நாள்களுக்குப் பின் ஆலை நிர்வாகம் இணங்கியது. கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் வார விடுமுறையும் கிடைத்தன.

வழக்கறிஞர் ஒருவர் ஆலைத் தொழிலாளியின் அடுப்பு எரிகின்றதா என்று கவலைப்பட்ட காட்சி இது. பசித்தவர்க்கு அன்னமும், நோயுற்றவர்க்கு மருந்தும், அஞ்சியவர்க்கு அடைக்கலமும், அறியாதவர்க்குக் கல்வியும் அளித்தலை நால்வகைத் தானமாக நம் முன்னோர் வகுத்தனர். அவற்றுள் அன்ன தானமும் அபய தானமும் அவ்வொன்பது நாள்களிலும் ஒருங்கே நடந்தன.

சிறைவாசம்

வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் 1908 மார்ச் 9ஆம் நாள் சிறையினின்று விடுதலையானதைக் கொண்டாடலாகாது என்று அதிகாரிகள் தடுத்தனர். சிதம்பரனார் தடையை மீறிக் கொண்டாடினார். திருநெல்வேலிக்கு அழைக்கப்பட்டு, மார்ச் 12ஆம் நாள் சிவாவுடனும் பத்மநாப ஐயங்காருடனும் கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. கொதித்தெழுந்த கூட்டம் அரசு அலுவலகங்களுக்குத் தீ வைத்தது. காவல்துறையினர் சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர்.

இந்நிகழ்ச்சியைக் கூறும்போது அகிம்சையைப் பரம அறமாகக் கொண்ட நாம் தயங்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். எரிந்த கட்டடங்களும் மடிந்த உயிர்களும் எக்காலத்தும் போற்றத்தக்கன அல்ல. சிதம்பரனார் அகிம்சை விரதம் ஏற்றவர் என்று கூறவும் நாம் முற்படோம். ஆயினும் அவர் தேர்ந்த கருவி வாளும் வெடிகுண்டுமன்று. பங்குப் பத்திரமும் பாய்மரமில்லாப் புகைக்கப்பலும் கூட்டுறவுமே. இல்லறத்தார்க்குச் சங்கற்ப இம்சையை முற்றும் விலக்கும் நம் நூல்கள், தற்காப்பிலும் தொழிலிலும் நேரும் இம்சையை இயன்ற அளவு குறைக்கப் பணிக்கின்றன. எதிரியின் உடலைத் தாக்காமல் அவனுடைய முறைகேடான ஆதாயத்தைத் தடுக்கும் வழி, அந்நெறிக்கு அணுக்கமானதென்றே எண்ணுகிறோம்.

வழக்கை விசாரித்த நீதிபதி பின்ஹே, 1908 ஜூலை 7ஆம் நாள் தீர்ப்பளித்தார். அரச நிந்தனைக்கு ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்குத் துணைபுரிந்தமைக்கு மற்றோர் ஆயுள் தண்டனை. அப்போது சிதம்பரனாரின் வயது முப்பத்தைந்து. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவர் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார்; அக்கலக்கம் பின்னர்த் தீரவே இல்லை. மேல்முறையீட்டில் தண்டனை பெரிதும் குறைக்கப்பட்டது.

கோயமுத்தூர்ச் சிறையில் சணல் உரிக்கும் எந்திரத்தைச் சுற்றியதால் அவர் கைத்தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர், மாடு இழுக்கும் செக்கில் அவரைப் பூட்டினர். நீதிமன்றத்தில் நின்று வாதிட்ட மனிதர், கொளுத்தும் வெயிலில் எண்ணெய்ச் செக்கைச் சுற்றிவந்தார். 1910 இறுதியில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார்.

பசி, தாகம், வெப்பம், குளிர், வசைமொழி, அடி முதலாக இருபத்திரண்டு இடர்களை முனிவர் வெல்ல வேண்டும் என்று நம் ஆகமம் விதிக்கிறது. முனிவர் விரதத்தால் விரும்பி ஏற்பது வேறு. கைதி கட்டாயத்தால் சுமப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்குதல் தகாது. எனினும், வந்த இடரை மனம் எவ்வாறு ஏற்கிறது என்பதில் இல்லறத்தாரும் கற்கத்தக்கது உண்டு. பகலில் உடல் செக்கைச் சுற்றியது. ஓய்ந்த வேளையில் உள்ளம் நூல்களை நாடியது. திருக்குறளையும் தொல்காப்பியத்தையும் சிறையில் கற்றார். சிறையிலிருந்தபோதே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில அறிஞரின் நூலை மனம்போல வாழ்வு என்று தமிழாக்கினார். ஒருவனுடைய எண்ணங்களே அவன் வாழ்வை உருவாக்குகின்றன என்பது அந்நூலின் கருத்து. வினைக்கட்டுக்கும் அக்கட்டு நீங்குதற்கும் உள்ளத்தின் பரிணாமமே காரணம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அக்கருத்து புதிதன்று. செக்கடியில் நின்ற ஒருவர் அதனைத் தேர்ந்து மொழிபெயர்த்தார் என்பதே வியப்பு. குறளின் அமைப்பை ஒட்டி மெய்யறம் என்னும் அறநூலையும் சிறையிலேயே இயற்றினார்.

கம்பெனி வீழ்ந்த காரணம்

அவர் சிறையில் இருந்தபோது வெளியில் நடந்ததை நாம் மறைத்தல் கூடாது. பங்குதாரர் அஞ்சினர், அதிகாரிகளின் நெருக்குதல் பெருகியது, நிர்வாகம் தளர்ந்தது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்த்துக் காலியாக் கப்பல் வாங்கப்பட்டதோ, அந்தக் கம்பெனிக்கே அது விற்கப்பட்டது. செக்கும் சிறையும் தந்த துன்பத்தினும் இச்செய்தி தந்த துன்பமே அவருக்குப் பெரிதாயிருந்திருக்கும்.

இவ்வீழ்ச்சியை ஆங்கிலேயர் கொடுமை ஒன்றாலேயே விளக்கிவிட்டு அமைதல் எளிது. ஆயின், பலருடைய பணத்தால் எழுந்த நிறுவனம் ஒருவருடைய தோளில் நின்றது என்பதும் உண்மை. அத்தோள் சிறைப்பட்டதும், தாங்குதற்கு இரண்டாம் வரிசையினர் உருவாகியிருக்கவில்லை. அவர் முன்னின்று நடத்திய காலம் ஈராண்டுகூட நிறையவில்லை. பிறரைப் பழக்குதற்கு அவருக்குக் கால அவகாசம் கிடைக்கவில்லை. நமக்கு அக்குறை இல்லை. நம் ஊர்களில் ஜினாலயத் திருப்பணி, பாடசாலை, சங்கம் ஆகியவை பலவும் ஒரே பெரியவரின் உழைப்பில் நடப்பதையும், அவர் மறைந்தபின் கணக்கேடும் சாவியும் எங்குள்ளன என்றுகூட அறியாமல் பிறர் திகைப்பதையும் நாம் காண்கிறோம். தலைவரைப் போற்றுதல் நன்று. அவர் அருகில் நின்று பணியைக் கற்றுக்கொள்ளுதல் அதனினும் நன்று.

விடுதலைக்குப் பின்

1912 டிசம்பர் 24ஆம் நாள் சிதம்பரனார் விடுதலையானார். அவர் கைதானபோது கொந்தளித்த கூட்டத்தைச் சிறைவாயிலில் காண முடியவில்லை. சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி உருமாறியிருந்த சுப்பிரமணிய சிவாவே அவரை எதிர்கொண்டார் என்பர். கம்பெனி இல்லை, கைப்பொருள் இல்லை, வழக்காடும் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது.

பெரும்பாலோர் கப்பலையும் செக்கையும் கூறி இவ்வரலாற்றை முடித்துவிடுவர். நாமோ, இதன்பின் அவர் வாழ்ந்த இருபத்து நான்கு ஆண்டுகளையே ஊன்றி நோக்க வேண்டும் என்போம். புகழ் இருக்கும்போது உறுதியாய் நிற்பவர் பலர். மறக்கப்பட்ட பின்னும் கடமையை விடாதவர் சிலரே.

சென்னையில் குடியேறிச் சிறுகடை வைத்துப் பிழைத்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டிக் காந்தியடிகள் வழியாக அனுப்பிய 347 ரூபாய் 12 அணா, 1916இல்தான் அவர் கைக்கு வந்தது. பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தைத் திட்டமிட்ட கை அத்தொகையை எதிர்பார்த்திருந்தது. அவ்வறுமையிலும் தொழிலாளர் இயக்கத்துக்குத் துணைபுரிவதை அவர் நிறுத்தவில்லை. 1920இல் கல்கத்தாக் காங்கிரசுக்குச் சென்று, காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டத்தோடு கருத்து வேறுபட்டு விலகினார். பெரும்பான்மை செல்லும் திசையில் செல்வது அவருக்கு நன்மை தந்திருக்கும்; உள்ளம் ஒப்பாததை உதட்டால் ஒப்ப அவர் உடன்படவில்லை.

வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால், வழக்காடும் உரிமை அவருக்கு மீண்டும் கிடைத்தது. அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஓர் ஆங்கிலேய நீதிபதி ஆயுள் தண்டனை விதித்தார். மற்றோர் ஆங்கிலேய நீதிபதி வாழ்வளித்தார். முன்னவர்மீது கொண்ட வெறுப்பு, பின்னவர்க்குரிய நன்றியை மறைக்க அவர் இடங்கொடுக்கவில்லை. பத்து அறங்களுள் முதலாவதாக உத்தம பொறுமையை வைத்த நம் ஆசிரியர் உள்ளம் இதனைக் கண்டு மகிழும். அவர் பிறந்த நாளை ஒட்டிய ஆவணி, புரட்டாசிப் பருவத்திலேதான் நாம் தசலட்சண பருவத்தைக் கொண்டாடி ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுகிறோம் என்பதும் நினைக்கத்தக்கது.

நாம் பட்ட கடன்

இனி, முன்னர்க் குறித்த கடனைக் கூறுவோம். வறுமை சூழ்ந்த அந்த ஆண்டுகளிலேதான் சிதம்பரனார் பழந்தமிழ் உரைகளைப் பதிப்பிக்கத் தொடங்கினார். திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையின் அறத்துப்பாலை 1917இல் வெளியிட்டார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வகுத்த உரையை, எழுத்ததிகாரமும் பொருளதிகாரமுமாகப் பின்னர்ப் பதிப்பித்தார். பேராசிரியர் ச.வையாபுரிப் பிள்ளையின் துணையும் அவருக்கு வாய்த்தது.

மணக்குடவரும் இளம்பூரணரும் சமணச் சான்றோர் என்று கருதும் அறிஞர் பலர். திருக்குறளை நம் முன்னோர் தலைமேற்கொண்டு போற்றி வந்ததை நாம் சொல்ல வேண்டியதில்லை. இக்கட்டுரையின் தொடக்கத்தில், சிப்பியை ஈரறிவுயிரென மரபியல் கூறுவதைச் சுட்டினோம். அத்தகைய தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்குத் தமிழில் முதன்முதல் எழுந்த உரையை அச்சேற்றும் பணியில், வீட்டுச் செலவுக்குப் போராடிய ஒரு சைவப் பெரியார் தம் காலத்தைச் செலவிட்டார். நம் முன்னோர் எனக் கருதப்படுவோரின் ஏடுகளை அவர் தம் குலச்சொத்தாகப் பேணினார்.

அதே காலத்தில் நம் இல்லங்களில் கிடந்த சுவடிகள் எத்தனை கரையானுக்கு இரையாயின! ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டவை எத்தனை! வேற்றுச் சமயத்தார் ஒருவர் வறுமையிலும் செய்த பணியை, வசதியுள்ள நாம் செய்யாது விட்டோம் என்பதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையன்று. இன்றும் பரணில் ஏட்டுக்கட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவற்றைத் துடைத்துப் படியெடுத்துக் காப்பது, சிதம்பரனாருக்கு நாம் செலுத்தும் கடனில் ஒரு சிறுபகுதியாகும்.

1932 வரை அவர் கோவில்பட்டியில் வழக்காடினார். அவ்வூருக்கு அருகிலுள்ள கழுகுமலையில், பாண்டியர் காலத்தில் பாறையில் செதுக்கிய நம் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாக விளங்குகின்றன. ஆசிரியர்களும் குரத்தியரும் மாணாக்கரும் அங்கு அறம் வளர்த்ததை வட்டெழுத்துக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஒரு காலத்தில் கல்லில் எழுதி வளர்த்த கல்விக்கு, அதே வட்டாரத்தில் தோன்றிய ஒருவர் பிற்காலத்தில் தாளில் அச்சிட்டுத் தொண்டு செய்தார்.

இறுதி நாள்கள்

1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தாமே ஓர் உரை வரைந்து 1935இல் வெளியிட்டார். உடல் நலிந்தபின் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தாம் தரவேண்டிய சில்லறைக் கடன்களையும் விடாது குறித்து வைத்தார். கப்பல் வாங்கப் பல லட்சம் திரட்டியவர் அதில் ஒரு காசும் தமக்கென ஒதுக்கவில்லை. பிறர் காசு ஒன்றும் தம்மிடம் தங்கலாகாது என்றும் கருதினார். வாய்மை, கள்ளாமை என்னும் அணுவிரதங்களுக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டை நம் குழந்தைகளுக்குக் காட்டுதல் அரிது.

1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் அவர் உயிர் நீத்தார். நாடு விடுதலை பெற அப்போது இன்னும் ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள் இருந்தன. அவர் கப்பல் விட்ட தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இன்று உலகின் பல நாட்டுக் கப்பல்களும் அப்பெயர் தாங்கிய துறையில் வந்து நிற்கின்றன. அவர் இழுத்த செக்கு, சென்னை கிண்டியிலுள்ள காந்தி மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. சென்னைக்குச் செல்லும் நம் குடும்பத்தார் பிள்ளைகளை அழைத்துச் சென்று அதனைக் காட்ட வேண்டும்.

காட்டும்போது, இது ஒருவர் பட்ட துன்பத்தின் சின்னம் என்பதோடு நிறுத்திவிடலாகாது. மறுப்பதற்குமுன் மாற்றினை அமைத்தவர், தலைமை இருக்கையைப் பிறர்க்களித்துச் சுமையைத் தாம் ஏற்றவர், வீழ்ந்தபின் எவரையும் பழித்துக்கொண்டிராமல் அடுத்த பணியைத் தொடங்கியவர் என்று எடுத்துரைக்க வேண்டும். கப்பல் விலைபோயிற்று, கம்பெனி கலைந்தது. அவர் சிறையில் வளர்த்த கல்வியும், வறுமையில் பதிப்பித்த நூல்களும், மாறாத நேர்மையும் எவராலும் விலைக்கு வாங்கப்படாமல் நின்று நிலவுகின்றன.

கடலடியில் கிடைக்கும் முத்துக்கு ஓர் உயிரின் இறப்பு விலையாகிறது. செக்கடியில் விளைந்த இம்முத்தை நாம் பெறுவதற்கு எவ்வுயிரும் மடிய வேண்டியதில்லை. நம் இளைஞர் தம் சோம்பலையும் அச்சத்தையும் விட்டால் போதும்.

அறம் வளர்க! அருகன் நெறி ஓங்குக!